நமக்கென்று ஒரு நிரை

"மனசு ஓர் இடத்துல நிக்க மாட்டேங்குது டீச்சர்."

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் மாலை வகுப்புக்கு வருபவர்களிடம் நான் அதிகம் கேட்கும் பேச்சு இதுதான். நான் பள்ளி ஆசிரியை இல்லை. பகலில் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையின் அலுவலகத்தில் எடைக் கணக்குப் பார்க்கிறேன். மாலையில் கோயில் மண்டபத்தில் படிவம் ஐந்து முடிவில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.-ஐ மறுபடி எழுதப்போகும் பெரியவர்களோடு உட்கார்ந்து மலாய்மொழியும் வரலாறும் படிக்கிறேன், படிக்க வைக்கிறேன். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள், செம்பனைக் குலை லாரி ஓட்டும் அண்ணன், பாதுகாவலர் வேலை பார்க்கும் தம்பி, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு வரும் அக்காமார்கள். மலாய்மொழியில் தேர்ச்சி இல்லாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது, 2013 முதல் வரலாறும் அப்படித்தான். மற்ற பாடங்களில் நன்றாகச் செய்தும் இவற்றில் ஒரு பாடத்தில் தங்கிப்போனவர்கள் இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். அரசாங்க வேலைக்கு மனுப்போட முடியாது, பல பயிற்சிகளில் சேர முடியாது. அதனால்தான் வருகிறார்கள். வந்து, கொஞ்ச நாளில் பாதிப்பேர் நின்றுபோகிறார்கள். நின்றவர்களைச் சந்தையிலோ ஒட்டுக்கடையிலோ பார்த்துக் கேட்டால் மேலே சொன்ன அதே பதில் வரும். சிலர் இன்னும் கடுமையாகத் தங்களையே சொல்லிக்கொள்வார்கள்: "எனக்கெல்லாம் எதையும் முடிக்கிற புத்தி இல்ல."

இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். காரணம், இவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று எனக்குத் தெரியும்.

வகுப்புக்கு வரும் ஓர் அக்காவுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. படிவம் ஐந்து முடித்த கையோடு கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் காட்டில் பால் வெட்டப் போனவர். தோட்டம் செம்பனைக்கு மாறும்வரை அதே வேலை. இப்போது ஒரு சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவுகிறார். ஒருநாள் பாடம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, வேலைக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போதே அவர் வலது கை தானாக எழும்பிச் சாய்ந்தது. பட்டையை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் சீவ வேண்டும். மேலாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும். அந்த இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து, பின்னால் அங்கே உளி ஓடாது. மேற்பார்க்கும் மண்டோர் பார்த்தால் ஏச்சு வேறு. சீவிய கோட்டில் போன தடவை உறைந்த ஒட்டுப்பாலை உரித்தெடுத்து, புதுக்கோடு இழுத்து, பீலி வழியாகப் பால் மங்குக் கிண்ணத்தில் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். ஒருவருக்கு ஒருநாளைக்கு ஒதுக்கும் மரங்கள்தான் நிரை; ஒரு நிரையில் 500 மரங்களுக்கு மேல் இருக்கும். தலையில் விளக்கு, சுற்றிலும் கொசு, காலடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாத இருட்டு.

ஏன் இருட்டில் போனார்கள்? மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன்னால்தான் அதிகம். வெயில் ஏறினால் இலைகள் நீரை வெளியே விடும், உள்ளழுத்தம் குறையும், பாலும் குறையும். அதனால் மரத்தின் நேரத்துக்கு மனிதர்கள் எழுந்தார்கள். அந்த அக்கா இருபது வருடத்துக்கு மேல் அப்படி எழுந்தவர்.

500 மரம், மரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கவனம், இருட்டில், வருடக்கணக்கில். இதைச் செய்தவரும் செய்தவருடைய பிள்ளைகளும் "எனக்கு மனசு நிலைக்காது" என்று சொன்னால், கோளாறு மனசில் இல்லை. வேறு எங்கோ இருக்கிறது.

நான் இதை நிறைய யோசித்திருக்கிறேன். என் முடிவு இதுதான்: அந்தக் காட்டில் அவர்களை நிலைநிறுத்தியது மன உறுதி மட்டும் இல்லை. வேலையின் அமைப்பே அவர்களைப் பிடித்து வைத்திருந்தது. நேரம் முடிவாகி இருந்தது. இடம் முடிவாகி இருந்தது. இன்றைக்கு எத்தனை மரம் என்பது முடிவாகி இருந்தது. நிரை தீர்ந்தால் வேலை தீர்ந்தது. பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பெயர் கூப்பிடுவார்கள், வராதவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். காட்டுக்குள் நுழைந்தபின் கையில் உளியைத் தவிர வேறொன்றும் இல்லை.

இந்த ஏற்பாடு அத்தனையும் யாருக்காக? தோட்டத்துக்காக. மணி அடித்தவர், நிரை பிரித்தவர், பெயர் கூப்பிட்டவர் எல்லாரும் முதலாளியின் கணக்குக்காகச் செய்தார்கள். மூன்று நான்கு தலைமுறையாக நம் ஆட்கள் அடுத்தவர் குறிக்கோளை ஒருநாள் தவறாமல் முடித்துக் கொடுத்தார்கள். தங்களுக்கென்று ஒரு குறிக்கோள் வைத்து, அதற்கு ஒரு நேரம் ஒதுக்கி, அதற்கு ஒரு நிரை பிரித்துக்கொள்ள அந்த வாழ்க்கையில் இடமே கொடுக்கப்படவில்லை. வேலை முடிந்து லயத்து வரிசை வீட்டுக்கு வந்தபின் இருந்த நேரம் சமையலுக்கும் தண்ணீர் பிடிக்கவும் உறங்கவும் போதவில்லை. ஆகவே நமக்குப் பழக்கமில்லாதது உழைப்பு இல்லை. நமக்காக உழைப்பதற்கு ஏற்பாடு செய்துகொள்வது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நம் ஆட்கள் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நம்மால் முடியும் என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1957-இல் சுதந்திரம் கிடைத்த காலத்தை ஒட்டி வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வது அதைத்தான். வேலையும் போய், லயத்து வீடும் போய் நின்ற குடும்பங்கள் ஏராளம். அப்போதுதான் சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், அமைச்சராக இருந்துகொண்டே தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பேசி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். பால் வெட்டுபவர்கள் தங்கள் சம்பளத்தில் மாதாமாதம் சிறுதொகை கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது.

இதைத் தலைவர்களின் கதையாகத்தான் மேடைகளில் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது வேறு. சம்பள நாளில் கடைக் கடனும் சீட்டுப் பணமும் பிள்ளை மருந்தும் எதிரே நிற்கும்போது, முதலில் சங்கப் பணத்தை எடுத்து வைத்த அந்தத் தாய்மார்களின் கை. தோட்டம் வாங்குவது என்பது அவர்கள் கண்ணுக்கு எட்டாத காரியம். ஆனால் இந்த மாதப் பணம் எட்டும். யாரிடம் கட்டவேண்டும், என்றைக்குக் கட்டவேண்டும் என்று தெரியும். கட்டாவிட்டால் கேட்க ஆள் உண்டு. தோட்டத்தில் பழகிய அதே ஒழுங்கைத் தங்களுக்காகத் திருப்பிக்கொண்டார்கள்.

சரி, இன்றைய மாலைநேரத்துக்கு வருவோம்.

தாமான் என்னும் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. தொலைக்காட்சி ஓடும், அடுப்பில் குழம்பு கொதிக்கும், பேரப்பிள்ளை அழும். மேசை கிடையாது, இருந்தால் அதில் துணி மடித்துக் கிடக்கும். கைப்பேசியில் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்கள்: கோயில் குழு, வேலைக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, சொந்தக்காரர் குழு. ஒவ்வொன்றும் ஒரு ஆள் கூப்பிடுகிற மாதிரிதான். கூப்பிட்டால் போகாமல் இருக்க நம் ஆட்களுக்குத் தெரியாது; வளர்ந்தது அப்படி. லயத்தில் பக்கத்து வீட்டில் குரல் கேட்டால் எட்டிப் பார்க்காதவர் மனுசரே இல்லை. அந்த நல்ல குணத்தைத்தான் கைப்பேசி நாள் முழுக்கச் சுரண்டுகிறது. இதில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு "படிக்கணும்" என்றால், எதைப் படிப்பது, எவ்வளவு நேரம், எங்கே நிறுத்துவது? ஒன்றுக்கும் பதில் கிடையாது. நேரமும் இடமும் நிரையும் இல்லாத வேலையை அந்த அக்காவே செய்திருக்க மாட்டார்.

பெண்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்த வேலைக்குத் தாவினால், விட்ட வேலையின் மிச்சம் மனதில் ஒட்டிக்கொண்டே வந்து புது வேலையைக் கெடுக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் காட்டினார். முடிந்துவிட்டது என்று மனம் மூடிவைத்த வேலை அப்படித் தொடர்ந்து வருவதில்லை. நம் வீடுகளில் மாலை நேரத்தில் எந்த வேலை முடிகிறது, சொல்லுங்கள்? அடுப்பை அணைக்காமல் துணி, துணியை விட்டுப் பிள்ளைப் பாடம், நடுவில் மாமியாருக்கு மாத்திரை. இத்தனை மிச்சத்தையும் தலையில் சுமந்துகொண்டு மலாய்க் கட்டுரை எழுத உட்காரும் பெண்ணிடம் "கவனம் வேணும்மா" என்று சொல்வது அநியாயம். முதலில் வீட்டில் இருப்பவர்கள் ஒரு மணி நேரத்துக்கு அந்த மிச்சங்களை வாங்கிக்கொள்ள வேண்டும். கணவர்மாரிடம் நான் இதை முகத்துக்கு நேராகவே கேட்கிறேன். "அண்ணே, ஏழரையில இருந்து எட்டரை வரைக்கும் வீடு உங்க பொறுப்பு." பலர் சரி என்கிறார்கள். யாரும் அதுவரை கேட்டதில்லை, அவ்வளவுதான்.

நான் பகுதிநேரமாகப் பட்டப்படிப்பு படித்த காலத்தில் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகவே இல்லை. எல்லாரும் கிளம்பியபின் அலுவலகத்தில் அதே மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் மோட்டாரை எடுப்பேன். வீட்டு வாசற்படியைத் தாண்டினால் அன்றைய படிப்பு போச்சு என்று தெரியும். அந்தப் பழக்கத்திலிருந்து வந்ததுதான் கோயில் மண்டபம். வீட்டில் படிக்கச் சொல்லி நாங்கள் யாரையும் வற்புறுத்துவதில்லை. மண்டபத்துக்கு வாருங்கள், இங்கேயே படித்து இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள் என்பதுதான் ஏற்பாடு.

உள்ளே வந்ததும் கைப்பேசிகள் வாசலில் உள்ள அலமாரிக்குப் போய்விடும். மேசையில் கவிழ்த்து வைப்பதற்கும் வேறு அறையில் வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தினர் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கைப்பேசி வேறு அறையில் இருந்தவர்களே சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே முடிவைத் தரவில்லை. எனக்கு அந்த வழக்கு முக்கியமில்லை. மேசையில் இருந்தால் கை போகிறது, அலமாரியில் இருந்தால் போவதில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதவர் மட்டும் மண்டபத்துத் தொலைபேசி எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டு வருகிறார்.

அப்புறம் நிரை. இதுதான் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. முன்பெல்லாம் "இந்த வாரம் ஒரு கட்டுரை எழுதிட்டு வாங்க" என்று சொல்வேன். யாரும் எழுதிக்கொண்டு வரமாட்டார்கள். அந்தப் பால்வெட்டு அக்காவோடு பேசியபிறகு முறையை மாற்றினோம். ஒருநாளைக்கு ஒரு பத்தி. அதிலும் முதல் வாக்கியம் என்ன சொல்ல வேண்டும், இரண்டாவது அதற்கு ஒரு காரணம், மூன்றாவது நம் ஊரிலிருந்து ஓர் உதாரணம், நான்காவது முடிப்பு. நான்கு வாக்கியம் எழுதிவிட்டால் அன்றைய நிரை தீர்ந்தது. இன்னும் எழுதத் தெம்பு இருந்தாலும் வேண்டாம், எழுந்து வீட்டுக்குப் போங்கள் என்பேன். ஒரே நாளில் ஆவேசமாக நான்கு பக்கம் எழுதியவர் மறுநாள் வருவதில்லை என்பதைப் பார்த்துவிட்டேன். கித்தா மரத்தையும் தினம் வெட்டமாட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதுதான் தோட்டத்து வழக்கம். பேராசைப்பட்டு அதிகம் வெட்டினால் மரம் பால் வற்றிப்போகும்.

அக்கா எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பென்சிலை உளி மாதிரியே உள்ளங்கைக்குள் அணைத்துப் பிடிப்பார். ஒரு சொல் எழுதியதும் அதை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். தப்பு என்று தோன்றினால் அழிக்கமாட்டார். ஒரே கோடாக அடித்துவிட்டு மேலே எழுதுவார். "அழிச்சா எங்க தப்பு பண்ணேன்னு தெரியாம போயிடும்மா" என்றார். குடும்பத்தில் ஒத்துழைப்பு என்ற தலைப்பில், தண்ணீர்க் குழாயடியில் வரிசை வைத்து முறை போட்டுக்கொண்ட கதையை மலாயில் எழுதினார். அந்தப் பத்தியில் இலக்கணப் பிழைகள் இருந்தன. ஆனால் மனப்பாடம் செய்து எழுதும் கட்டுரைகளில் வராத உயிர் இருந்தது. வகுப்பில் உரக்க வாசித்தோம். லாரி அண்ணன் அடுத்த நாள் தன் லாரி பழுதாகி செம்பனைக் காட்டுப் பாதையில் நின்ற கதையை எழுதி வந்தார்.

எப்போது, எங்கே, என்ன என்று முன்கூட்டியே முடிவு செய்வது வெறும் ஒழுங்குக்காகச் சொல்வது இல்லை. பீட்டர் கோல்விட்ஸர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் மாணவர்களுக்கு கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்பும் வேலை கொடுத்தார். ஒரு பகுதியினரிடம், எந்த நேரத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள் என்பதையும் குறித்துவைக்கச் சொன்னார். அப்படிக் குறித்தவர்களில் சொன்னபடி எழுதி முடித்தவர்களின் விகிதம், குறிக்காதவர்களுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எல்லாருக்கும் எழுதவேண்டும் என்ற எண்ணம் இருந்தது. வித்தியாசம் அந்த நேரமும் இடமும்தான்.

வகுப்பு தொடங்கியதும் பெயர் கூப்பிடுகிறோம். இதை ஆரம்பிக்கும்போது எனக்குத் தயக்கம் இருந்தது. பெரட்டுக் களத்தில் நம் பாட்டன்மார் பட்ட அவமானங்களைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் இங்கே கூப்பிடுபவர் நம்மில் ஒருவர், முறைவைத்து மாறுபவர். வராதவருக்குச் சம்பளம் வெட்டுவதில்லை, அன்று இரவே யாராவது ஒருவர் கூப்பிட்டு, "என்னாச்சு தங்கச்சி, சாப்டியா, நாளைக்கு வர்றியா?" என்று கேட்பார்கள். பாதுகாவலர் தம்பி இரண்டு தடவை நின்றுபோய்த் திரும்பி வந்தது இந்த ஒரு கேள்வியால்தான்.

நின்றவர்கள் திரும்பி வராததற்குப் பெரும்பாலும் வெட்கம்தான் காரணம். ஒரு வாரம் விட்டாச்சு, இனி எந்த முகத்தோடு போவது? இவர்களிடம் நான் மழையைப் பற்றிப் பேசுவேன். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. சீவிய பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். மழை நாளில் வேலை கிடையாது, சம்பளமும் போகும். அதற்காக யாரும் மறுநாள் வீட்டிலேயே உட்கார்ந்துவிடவில்லை. பட்டை காய்ந்ததும் அதே நிரைக்குப் போனார்கள்.

பழக்கம் எப்படிப் படிகிறது என்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் எழுதினார்கள். ஒரு புதிய செயல் தானாக வரும் அளவுக்குப் பழக ஆன காலம் ஆளுக்கு ஆள் மாறியது: அவர்கள் கணக்கில் 18 நாளிலிருந்து 254 நாள்வரை, நடுமதிப்பு 66 நாள். இடையில் ஒருநாள் தவறியது அந்தப் போக்கைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. 21 நாளில் எதையும் பழகிவிடலாம் என்று பேசும் ஊக்கப்பேச்சுகளை நம்பி, இருபத்திரண்டாம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்த எண்களை எழுதிக் காட்டுகிறேன். 18 நாள் ஆளாக இருப்பதில் பெருமையும் இல்லை, 200 நாள் ஆளாக இருப்பதில் குறையும் இல்லை.

எங்களால் இன்னும் சரிசெய்ய முடியாத ஒன்று தொழிற்சாலைப் பெண்களின் நேரம். பன்னிரண்டு மணி நேர வேலை, அதுவும் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. ஒரே நேரம் என்பதே அவர்கள் வாழ்க்கையில் கிடையாது. நேரத்தை நிலையாக வைக்க முடியாதவர்களுக்கு நேரத்துக்குப் பதில் ஒரு செயலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பார்க்கிறோம்: வேலை முடிந்து பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் பத்துச் சொல், பகலானாலும் இரவானாலும். சிலருக்கு ஒத்துவருகிறது. சிலர் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறார்கள், அந்த உடம்புகளைக் குறைசொல்ல முடியாது.

ஆகவே அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் காலை எட்டரைக்கும் ஒரு வகுப்பு வைக்கிறோம், இரவு வேலை முடித்து நேராக வருகிறவர்களுக்காக. பசியாறிவிட்டு ஒரு பத்தி எழுதிவிட்டுப் போய்ப் படுக்கலாம். தோசைக்கு மண்டபத்துக்கு எதிரே ஒட்டுக்கடை வைத்திருக்கும் அண்ணன் பொறுப்பு ஏற்றிருக்கிறார். பெயர் கூப்பிடுவது, முதல் மாதம், பால்வெட்டு அக்கா.